காற்றால் இமை திறக்கும் விளக்குகள்



தாயகமாகிய தமிழகத்தை விட்டு வந்து மும்பையிலும், தில்லியிலும், கொல்கத்தாவிலும், ஜாம்ஷெட்பூரிலும் வாழ்கின்ற நம்மில் பலர் யந்திரங்களோடு பழகி வாழ்க்கை நடத்துபவர்கள். ரயில்வே பணிமனையிலோ, உருக்காலையிலோ, தெருமுனை மோட்டார்ப் பட்டறையிலோ நாள்தோறும் ஏதேனும் ஒரு பழுதைக் கண்டு, அதை நீக்குவது நமக்குத் தொழிலாகவே அமைந்திருக்கிறது. பழுதை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஐயத்திற்குரிய உறுப்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டுவது ஒரு வழி. பழுது எங்கே குடியிருக்கிறது என்று முறையாக விசாரித்தறிந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் கைவைப்பது மற்றொரு வழி. முதல் வழிக்குப் பணம் வேண்டும். இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டும். இந்த இரண்டாவது வழியின் அருமையை விளக்குவதற்கு, மேல்நாட்டுப் பந்தய மோட்டார் வண்டிகள் சிலவற்றில் அமைந்திருந்த ஒரு விந்தையான விளக்கை இன்று எடுத்துக்கொள்வோம்.

பகலில் அந்த வண்டியைப் பார்த்தால் முகப்பில் விளக்கே இருப்பதாகத் தெரியாது. மூக்குப் பகுதி கூழாங்கல்லைப் போல் வழவழப்பாக இருக்கும். இருட்டியதும் ஓட்டுநர் ஒரு விசையை இழுப்பார். இருபுறமும் மூடிகள் எழும்பி, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த விளக்குகள் வெளிப்பட்டுச் சாலையை நோக்கும். உறங்குபவன் இமை திறப்பது போன்ற காட்சி அது.

இந்த ஏற்பாடு எதற்காக என்ற வினா எழுவது இயல்பே. விரைந்து செல்லும் வண்டிக்கு மூக்குத் தாழ்வாகவும் கூர்மையாகவும் இருந்தால் காற்றின் எதிர்ப்புக் குறையும். ஆனால் சாலையில் வெளிச்சம் போதிய தூரம் விழவேண்டுமானால் விளக்குத் தரையிலிருந்து ஓர் உயரத்தில் இருந்தாக வேண்டும். சட்டமும் அவ்வாறே விதித்தது. அன்றியும், அமெரிக்க நாட்டில் 1940ஆம் ஆண்டு முதல் முன்விளக்குகள் குறிப்பிட்ட அளவும் வடிவமும் உடைய, முழுதும் மூடி முத்திரையிட்ட விளக்குகளாகவே இருக்கவேண்டும் என்று ஏற்பட்டிருந்தது. தாழ்ந்த மூக்கு, உயர்ந்த விளக்கு ஆகிய இரண்டையும் ஒரே வண்டியில் பொருத்த விரும்பியவர்கள், வேண்டும்போது எழுந்து வேண்டாதபோது படுத்துக்கொள்ளும் விளக்கைக் கண்டனர்.

1935ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் மோட்டார்க் காட்சியில் வைக்கப்பட்ட கார்ட் 810 என்னும் வண்டியே இத்துறைக்கு முன்னோடி. கார்டன் ப்யூரிக் என்பவர் அதன் உருவத்தை வகுத்தார். அதில் விளக்கை எழுப்ப ஓட்டுநர் கையால் ஒரு பிடியைச் சுற்றவேண்டும். ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனிப் பிடி. பின்னர் வந்தவர்கள் கைவேலையை நீக்கி, மின்சார மோட்டாரையோ வெற்றிடத்தையோ ஏவல் கொண்டனர். இங்கிலாந்தில் காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1962இல் வெளியிட்ட எலான் என்னும் வண்டியும், அமெரிக்காவில் செவ்ரலே நிறுவனம் 1968 முதல் 1982 வரை செய்துவந்த கார்வெட் என்னும் வண்டியும் வெற்றிடத்தை நம்பியவை. அதற்கு முன் 1963 முதல் 1967 வரை வந்த கார்வெட் வண்டிகளில் விளக்கைத் திருப்பியது மின்சார மோட்டார்தான்.

வெற்றிடம் எவ்வாறு ஒரு விளக்கைத் தூக்கும்? ரயில்வேயில் பணியாற்றிய நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாக்குவம் பிரேக் பூண்ட வண்டித் தொடர்களை அவர்கள் நன்கு அறிவார்கள். உண்மையில் வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுத்தான் தள்ளுகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள வாயுமண்டலம் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் சுமார் 14.7 ராத்தல் எடையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. பாதரச அளவில் சொன்னால் இது ஏறத்தாழ 30 அங்குலம். ஒரு தகட்டின் இருபுறமும் இந்த அழுத்தம் சமமாக இருக்கும்வரை நாம் அதை உணர்வதில்லை. ஒருபுறத்துக் காற்றை அகற்றிவிட்டால் மறுபுறத்துக் காற்று அதைத் தள்ளத் தொடங்கும்.

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது பிஸ்டன்கள் ஓயாமல் காற்றை உள்ளிழுக்கின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கையில், காற்று நுழையும் வாயிலைத் தகடு ஒன்று ஏறத்தாழ அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்த வாயிலுக்கும் பிஸ்டன்களுக்கும் இடையே உள்ள உள்ளிழுப்புக் குழலில் காற்று அருகிப்போகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஓய்வாக ஓடும்பொழுது அங்கே 17 முதல் 21 அங்குலம் வரை வாக்குவம் காட்டும். விளக்கை இயக்கும் உறுப்பு ஒரு தகரச் செப்பு. அதனுள்ளே குறுக்காக ஒரு ரப்பர்ச் சவ்வு. சவ்வின் நடுவில் ஒரு தண்டு. தண்டின் மறுமுனை விளக்கைத் தாங்கும் சட்டத்தோடு இணைந்திருக்கும். சவ்வின் குறுக்களவு 4 அங்குலம் என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 12½ சதுர அங்குலம். 15 அங்குல வாக்குவம், அதாவது வாயுமண்டலத்தில் பாதி, அதன் ஒருபுறம் ஏற்பட்டால் மறுபுறத்துக் காற்று சுமார் 90 ராத்தல் வலிவுடன் அதைத் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத காற்று, ஒரு மூட்டை அரிசியைப் புரட்டும் வலிவை இவ்வாறு பெறுகிறது.

ஆனால் இந்த வலிவுக்கு ஒரு குறை உண்டு. ஓட்டுநர் மேடேறும்போதோ, முன்செல்லும் வண்டியைத் தாண்டும்போதோ ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தினால், வாயில் அகலத் திறந்துவிடுகிறது. உள்ளிழுப்புக் குழலில் காற்று நிறைகிறது. வாக்குவம் மிகக் குறைந்துபோகிறது. எனவே, கிடைக்கும்போது சேமித்துக் கிடைக்காதபோது செலவிட ஒரு சேமக்கலமும், சேமித்ததைத் திரும்பிப் போகவிடாத ஒருவழி வால்வும் தேவையாயின. லோட்டஸ் எலான் வண்டியில் இதற்காகத் தனிக் கலம் வைக்கவில்லை. அதன் இரும்புச் சட்டத்தின் முன்பகுதியில் குறுக்காக ஓடும் பெட்டி போன்ற உறுப்பையே காற்றுப்புகாமல் அடைத்துச் சேமக்கலமாக்கிவிட்டனர். எடை குறைந்தது, புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுகள் கடந்து அந்தச் சட்டத்தில் துரு ஏறி, ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் விளக்குகள் சோர்ந்துவிடும். விளக்கின் நோய்க்கு வண்டியின் முதுகெலும்பில் காரணத்தைத் தேடவேண்டிய நிலை!

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. எலான் வண்டியின் தொடக்க ஆண்டுகளில் வாக்குவந்தான் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அது கசிந்து தீர்ந்துவிட்டால் விளக்கு மெல்லச் சரிந்து படுத்துக்கொள்ளும். எப்போது அது நேரும்? ஒருவழி வால்வு பழுதுபட்ட வண்டியில், ஓட்டுநர் இருளில் முழு விசையோடு விரைந்து மற்றொரு வண்டியைத் தாண்டும் அந்தக் கணத்தில் நேரும். வெளிச்சம் மிகவும் வேண்டிய வேளையில் கண் மூடிக்கொள்ளும் என்பது பொருள். பின்னர் வந்த எலான் வண்டிகளில் இதை மாற்றியமைத்தார்கள். விளக்கை எழுப்பும் பொறுப்பை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்து, படுக்கவைக்கும் பொறுப்பை மட்டும் வாக்குவத்திடம் விட்டார்கள். வாக்குவம் தீர்ந்தால் விளக்கு எழுந்து நிற்கும். வண்டியின் அழகு குறையும், உயிருக்குத் தீங்கில்லை.

ரயில் வண்டியின் வாக்குவம் பிரேக்கிலும் இதே தத்துவம் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் நினைவுகூரலாம். சென்னைக்கும் தில்லிக்கும் இடையே இரண்டு இரவுகள் பயணம் செய்த அந்நாளில், அபாயச் சங்கிலியை யாரேனும் இழுத்தால் வண்டி நின்றது எவ்வாறு? சங்கிலி, குழாயில் ஒரு வழியைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டது. நுழைந்த காற்று பிரேக்கை அழுத்தியது. பெட்டிகளின் இணைப்பு அறுந்தாலும் குழாய் பிரிந்து காற்று நுழையும். இரு பகுதிகளும் தாமாகவே நிற்கும். பழுது வண்டியை நிறுத்தும் பக்கமாகச் சாய்ந்ததே தவிர, ஓடவிடும் பக்கமாகச் சாயவில்லை. இன்று காற்றழுத்தப் பிரேக்குகள் அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்ட போதிலும் இந்த நியதி மாறவில்லை. எந்த யந்திரத்தை ஆராய்ந்தாலும், ஆற்றல் அற்றுப்போனால் இது எந்தப் பக்கம் விழும் என்று முதலில் கேட்பது அறிவுடைமையாகும்.

இனி, பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். 1968க்குப் பிந்திய கார்வெட் வண்டியையே உதாரணமாகக் கொள்வோம். அதன் அமைப்பு இது. எஞ்சினிலிருந்து வரும் குழாய், ஒருவழி வால்வைக் கடந்து சேமக்கலத்தை அடைகிறது. கலத்திலிருந்து பருத்த குழாய்கள் இரு விளக்குகளுக்கும் உரிய ரிலே வால்வுகளுக்குச் செல்கின்றன. ரிலே வால்வு, வாக்குவத்தைச் செப்பின் முன் அறைக்கு அனுப்புவதா, பின் அறைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் வாயிற்காவலன். அந்தக் காவலனுக்கு ஆணை கொண்டுசெல்வது வேறொரு மெல்லிய குழாய். அது ஓட்டுநரின் முன்னுள்ள விளக்கு விசையிலிருந்து புறப்படுகிறது. விளக்கை ஏற்றாமலே மூடியை மட்டும் திறக்க உதவும் துணை விசை ஒன்றும் அந்தக் குழாயில் இணைந்திருக்கிறது. மெல்லிய குழாயில் வாக்குவம் இருக்கும்வரை விளக்குப் படுத்திருக்கும். அதில் காற்றுப் புகுந்தால் ரிலே மாறி விளக்கு எழும்.

முதற்படி, எதையும் தொடாமல் பார்ப்பது. இரண்டு விளக்குகளும் சோம்பலாக எழுகின்றனவா, ஒன்று மட்டுமா? இரண்டும் என்றால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது எஞ்சின், ஒருவழி வால்வு, சேமக்கலம் ஆகிய பகுதியில் இருக்கலாம். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ரிலேயிலோ, செப்பிலோ, குழாயிலோ, கீலிலோ இருக்கும். நன்றாக எழுந்து படுக்க மறுக்கிறதா, அல்லது படுத்து எழ மறுக்கிறதா? அவ்வாறாயின் செப்பின் ஓர் அறை மட்டும் கசிகிறது என்று ஊகிக்கலாம். தண்டு நுழையும் இடத்திலுள்ள ரப்பர் அடைப்புத் தேய்ந்தால் அந்தப் பக்கத்து அறைக்குள் மட்டும் காற்று நுழையும். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து விளக்குகள் தாமாகவே அரைக்கண் திறக்கின்றனவா? மெல்லிய குழாயின் வழியிலோ விசைகளிலோ கசிவு என்பதற்கு அது சான்று. இவ்வளவும் ஒரு காசு செலவின்றிக் கண்ணால் மட்டும் அறியத்தக்கவை.

இரண்டாம் படி, எஞ்சினை நிறுத்தி, சேமக்கலத்து வாக்குவத்தையும் வெளியேற்றிய பின், விளக்கின் சட்டத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பது. கீல்களும் புஷ்களும் எண்ணெய் காணாமல் இறுகியிருந்தாலோ, ஃபைபர் கிளாஸ் மூடியின் ஓரம் உடலில் உராய்ந்தாலோ, எவ்வளவு வாக்குவமும் போதாது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கலத்தில் வாக்குவம் மிஞ்சியிருக்கும்போது மூடியின் இடுக்கில் விரலை நுழைக்கலாகாது. 90 ராத்தல் வலிவு விரலைப் பார்த்து இரங்காது.

மூன்றாம் படி, ஊற்றைச் சோதிப்பது. உள்ளிழுப்புக் குழலில் வாக்குவம் கேஜை மாட்டிப் பார்க்கவேண்டும். அளவு குறைந்திருந்தால் விளக்கை விட்டுவிட்டு எஞ்சினைக் கவனிக்கவேண்டும். இடத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். கடல்மட்டத்திற்குமேல் ஒவ்வோர் 1,000 அடிக்கும் கேஜ் ஏறத்தாழ 1 அங்குலம் குறைத்துக் காட்டும். அமெரிக்காவில் 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரத்தில் 5 அங்குலம் குறைவது இயற்கை. அதைப் பழுதென்று கருதிவிடக்கூடாது.

நான்காம் படி, ஒருவழி வால்வு. அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே போதும். ஒருபுறம் காற்றை விடவேண்டும், மறுபுறம் மறுக்கவேண்டும். இருபுறமும் விட்டால் அது வால்வாக இல்லாமல் வெறும் குழாயாகிவிட்டது என்று அறியலாம். வால்வு நன்றாக இருந்தும், எஞ்சினை நிறுத்தியவுடன் சேமித்த வாக்குவத்தைக் கொண்டு விளக்குகள் ஒருமுறையேனும் முழுமையாக இயங்கவில்லை என்றால், கலத்திலோ அதற்கு அப்பாலோ கசிவு இருக்கிறது.

ஐந்தாம் படி, கசிவைப் பாதிபாதியாக வளைத்துப் பிடிப்பது. எங்கும் ஒரே சமயத்தில் தேடினால் எங்கும் அகப்படாது. ஒரு கிளைக் குழாயைச் சேதமின்றி நெரித்து அடைத்துவிட்டுக் கேஜைப் பார்க்கவேண்டும். முள் உயர்ந்தால் கசிவு அடைத்த கிளையில் இருக்கிறது. உயராவிட்டால் மற்றக் கிளையில் இருக்கிறது. அந்தக் கிளையை மீண்டும் இரண்டாகப் பிரித்து இதையே செய்யவேண்டும். பதினாறு இடங்களில் ஐயம் இருந்தாலும் நான்கு சோதனைகளில் ஓரிடத்திற்கு வந்துவிடலாம். 1968 முதல் 1972 வரை வந்த கார்வெட் வண்டிகளில் கண்ணாடி துடைக்கும் வைப்பரை மறைக்கும் மூடியும் இதே வாக்குவத்தால் இயங்கியது. அங்கே கசிவு ஏற்பட்டாலும் சோர்வது விளக்குத்தான். குற்றம் ஓரிடம், தண்டனை ஓரிடம் என்பது யந்திர உலகிலும் உண்டு.

ஆறாம் படி, ரிலேயையும் செப்பையும் வேறுபடுத்தி அறிவது. கலத்திலிருந்து வரும் குழாயை ரிலேயைத் தவிர்த்துவிட்டு நேராகச் செப்பின் ஓர் அறையில் செருகி, மற்ற அறையின் குழாயைத் திறந்துவிட வேண்டும். விளக்குச் சுறுசுறுப்பாக அசைந்தால் செப்பு நல்லது, ரிலேயே குற்றவாளி. அசையாவிட்டால் செப்பினுள் சவ்வு கிழிந்திருக்கலாம். கையால் இயக்கும் சிறு வாக்குவம் பம்பைச் செப்பில் மாட்டி 15 அங்குலம் ஏற்றி, முள் நிற்கிறதா, சரிகிறதா என்று பார்த்து இதை உறுதிசெய்யலாம். ரிலேயில் தூசியைத் தடுக்க வைத்திருக்கும் நுரைப்பஞ்சு, காலப்போக்கில் பொடிந்து உள்ளே போய் வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு.

இந்தக் கசிவுகளை ஒருவர் புறக்கணித்தால் விளக்கோடு துன்பம் நின்றுவிடுவதில்லை. கசிவின் வழியாகக் கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைந்து பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்கிறது. எஞ்சின் ஓய்வாக ஓடும்போது தடுமாறுகிறது. அதைக் கண்டு கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்பவர், காய்ச்சல் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் பூசுபவரை ஒப்பர்.

நள்ளிரவில் நடுவழியில் விளக்கு எழ மறுத்தால் செய்யவேண்டியது ஒன்றே. வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, சட்டத்தைக் கையால் உயர்த்தி, அது தன் நிலையில் பூட்டிக்கொண்டதை உறுதிசெய்துவிட்டுப் புறப்படலாம். வீடு சேரும்வரை அதைத் தாழ்த்தாமல் இருப்பதே நலம்.

இவ்வகை விளக்குகளின் காலம் இப்போது முடிந்துவிட்டது. 1984 முதல் கார்வெட் வண்டிக்கு மின்சார மோட்டார் திரும்பி வந்தது. 1983இல் அமெரிக்கச் சட்டம் தளர்ந்து, வண்டியின் உருவத்திற்கு ஏற்ப விளக்கை வடிக்க இடங்கொடுத்த பின், விளக்கை ஒளிக்கவேண்டிய தேவை குறைந்தது. பாதசாரியின் மீது மோதினால் புடைத்து நிற்கும் உறுப்புகள் தீங்கு பயக்கும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கார்வெட், லோட்டஸ் எஸ்ப்ரி ஆகிய இரண்டும் 2004இல் இமை திறக்கும் விளக்குக்கு விடைகொடுத்தன. எஞ்சிய பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்பவர்கள் இன்றும் குழாய் குழாயாகத் தடவிக் கசிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேயர்களே, நாம் இருக்கும் ஊர்களில் இந்த வண்டியை நம்மில் பெரும்பாலோர் காணாமலே போகலாம். ஆயினும் தண்ணீர்க் குழாயின் கசிவும், மின்கம்பியின் பழுதும், பட்டறையில் நம்மிடம் வரும் எந்த யந்திரத்தின் கோளாறும் இதே விசாரணைக்குக் கட்டுப்பட்டவையே. முதலில் பார்ப்பது, பொதுவையும் தனியையும் பிரிப்பது, ஊற்றிலிருந்து தொடங்கிக் கடைசிவரை வருவது, பாதிபாதியாக வளைப்பது, ஐயம் தீர்ந்த பின்பே உறுப்பை மாற்றுவது. நாமே ஒன்றைச் செய்து பிறர் கையில் கொடுக்கும்போது, இது பழுதுபட்டால் இருளின் பக்கம் விழுமா, ஒளியின் பக்கம் விழுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக. அந்தக் கேள்வியைக் கேட்கும் தொழிலாளியை நம்பி ஊர் நிம்மதியாக உறங்கலாம்.